கார்ஸ் 3: டிரைவன் டு வின் – பூஸ்ட் மீட்டர் நிரம்பவே மாட்டேங்குது, மாஸ்டர் ஈவென்ட்டும் பூட்டியே இருக்கு

கோவை_மதி:
இந்தக் கார் ரேஸ் வீடியோ கேமை நின்டெண்டோ ஸ்விட்ச்ல ஆடறோம். பையனுக்கு 7 வயசு, பொண்ணுக்கு 4. ஈஸியில வச்சாலும் பையன் கடைசி இடத்துலதான் வர்றான். வளைவுக்கு வளைவு சுவர்ல மோதறான், பூஸ்ட் (கூடுதல் வேகம்) தர்ற மீட்டர் பாதிக்கு மேல ஏறவே இல்ல. சில சமயம் கார் தானா இடது பக்கம் இழுக்குது. மாஸ்டர் ஈவென்ட்னு இருக்கிற பெரிய போட்டிகள் எல்லாம் பூட்டியே இருக்கு. எத்தனை ரேஸ் ஜெயிச்சாத் திறக்கும்? சின்னவளும் கூட ஆடணும்னு அடம் பிடிக்கறா, அதுக்கும் வழி சொல்லுங்க.

ஜாய்ஸ்டிக்_அண்ணாச்சி:
மதி, இது ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போய் ஜெயிக்கிற கேம் இல்ல. டிரிஃப்ட் (வளைவுல காரைச் சறுக்க விட்டுத் திருப்பறது), ரெண்டு சக்கரத்துல ஓட்டறது, பின்பக்கமா ஓட்டறது, குதிக்கும்போது வித்தை காட்டறது, இந்த நாலும்தான் மீட்டரை நிரப்பும். நேர்ப்பாதையில சும்மா ஓட்டினா அந்த நேரம் வீண். எதிராளிக் கார்கள் பூஸ்ட் போட்டுப் பறக்கும்போது இவன் மட்டும் வெறும் வேகத்துல போவான். கடைசி இடம் வர்றதுக்கு அதுதான் காரணம்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிக் கொடுக்காதீங்க. முதல்ல டிரிஃப்ட் மட்டும். புதுசா ஆடற குழந்தைங்க வளைவுக்குள்ள போன பிறகு டிரிஃப்ட் போடுவாங்க, உடனே கண்ட்ரோலர்ல காரைத் திருப்பற ஸ்டிக்கையும் கடைசி வரைக்கும் சாய்ப்பாங்க. பின்பக்கம் விசிறிக்கிட்டுப் போய் வெளிச்சுவர்ல இடிக்கும். வளைவு தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே டிரிஃப்டை ஆரம்பிச்சு, கார் திரும்பினதும் ஸ்டிக்கைப் பாதிக்குத் தளர்த்தணும். எதிர்ல நேர்ப்பாதை தெரிஞ்சதும் விட்டுடணும். கட்டை விரல் ஸ்டிக்கோட விளிம்பை முட்டாம நடுவழியில நிக்கப் பழகறதுதான் இதுல பாதி வேலை.

அது கைக்கு வந்ததும் நேர்ப்பாதையில ரெண்டு சக்கரம். அடுத்த வளைவு கண்ணுல பட்டதுமே நாலு சக்கரத்துக்கு இறக்கிடச் சொல்லுங்க. சாய்ஞ்ச நிலையிலேயே வளைவுக்குள்ள போனா மோதல் நிச்சயம். பின்பக்க ஓட்டத்தைக் கடைசியா வச்சுக்கலாம்.

பூஸ்டைச் சொட்டுச் சொட்டா செலவு பண்ண விடாதீங்க. மீட்டர் முழுசா நிரம்பினாத்தான் 'இன் தி ஸோன்' கிடைக்கும், அதுல கிடைக்கிற ஓட்டம் சாதாரண பூஸ்ட்டை விட ரொம்ப நேரம் நிக்கும். அதை வளைவுக்கு நடுவுல போட்டா மறுபடி சுவர்தான். நீளமான நேர்ப்பாதை தொடங்கற இடத்துல போடணும்.

நாலாவது_கியர்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. பழக்கறதுக்கு ரேஸ் மோடு வேண்டாம். கேம்லயே இருக்கிற தாமஸ்வில் பிளேகிரவுண்ட்ங்கிற திறந்த இடத்துல விடுங்க. இஷ்டத்துக்குச் சுத்தலாம், முந்த யாரும் இல்ல, தோத்துட்டோம்ங்கிற அழுகையும் இல்ல.

மாஸ்டர் ஈவென்ட் ரேஸ் எண்ணிக்கையை வச்சுத் திறக்கறது இல்ல. மெனுவுல ஹால் ஆஃப் ஃபேம் போய்ப் பாருங்க, அங்க ஸ்கில் செக்னு சின்னச் சின்ன இலக்குகள் வரிசையா இருக்கும். பூட்டின ஈவென்ட்டும் கார்களும் திறக்கறது அதை முடிக்க முடிக்கத்தான். அதுல நிறைய, முதல் இடம் வர்றதோட சம்பந்தமே இல்லாத வித்தைக் கணக்கு. அதனால பையன் கடைசியா வந்தாலும் வீண் போகாது. முடியற நிலையில இருக்கிற ரெண்டு மூணைப் பார்த்து வச்சுக்கிட்டு அதை மட்டும் குறி வச்சு ஆடச் சொல்லுங்க. ரேஸ் அலுத்துட்டா டேக்டவுன், ஸ்டண்ட் ஷோகேஸ்ங்கிற வேற ரெண்டு மோடு இருக்கு. ரெண்டுலயும் ஸ்கோர்தான் பேச்சு, முந்தற அவசரம் இல்ல.

பெடல்_மிதி:
தானா இடது பக்கம் இழுக்கறது கேம் கோளாறா இருக்க வாய்ப்பு கம்மி, ஸ்டிக்கைச் சோதிங்க. சிஸ்டம் செட்டிங்ஸ் → கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் → கேலிப்ரேட் கண்ட்ரோல் ஸ்டிக்ஸ். சோதிக்க வேண்டிய ஸ்டிக்கை உள்ள அழுத்தினா வட்டம் தெரியும். விரலை எடுத்த பிறகும் குறி நடுவுல நிக்காம ஒரு பக்கம் ஒதுங்கினா அதுதான் வியாதி. எக்ஸ் பட்டனை அழுத்தி அங்கேயே கேலிப்ரேட் பண்ணி (ஸ்டிக்கோட நடு நிலையைச் சரி பண்ணி) பாருங்க. சில நாள்ல திரும்ப வந்தா உள்ள பாகம் தேய்ஞ்சிருக்கு, ஸ்டிக்கை மாத்தணும்.

டிவியில ஆடறீங்கன்னா பிக்சர் செட்டிங்ல கேம் மோடு போடுங்க. அது இல்லைன்னா டிவி படத்தை மெருகேத்திட்டுக் காட்டறதுக்குள்ள தாமதமாகும். சரியான நேரத்துல அழுத்தினாலும் டிரிஃப்ட் பிந்தித்தான் விழும். பையன் சுவர்ல மோதறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

4 வயசுக்கு இந்தக் கேம் கனம். அவளுக்கு மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கிற வேற ரேஸ் கேம் பொருத்தம். வண்டி தேர்ந்தெடுக்கிற திரையில பிளஸ் பட்டனை அழுத்தினா ஸ்மார்ட் ஸ்டீயரிங், ஆட்டோ ஆக்ஸிலரேட் ரெண்டும் இருக்கும். முதலாவது பாதையை விட்டு விழாம பிடிச்சுக்கும், ரெண்டாவது தானா ஓட்டும். அவளுக்கு மட்டும் போட்டுட்டு அண்ணனுக்கு அணைச்சு வைக்கலாம், ஒரே ரேஸ்ல ரெண்டு பேரும் ஆடலாம். வேகத்துக்கு 50சிசி போதும், அதுதான் இருக்கிறதுலயே மெதுவானது. அண்ணனுக்கு ஏன் அணைக்கணும்னா, ஸ்மார்ட் ஸ்டீயரிங் இருந்தா சில குறுக்கு வழியில போக விடாது, நீளமா டிரிஃப்ட் பண்ணினா கிடைக்கிற அல்ட்ரா மினி டர்போங்கிற பெரிய பூஸ்ட்டும் வராது.

கோவை_மதி:
ஸ்டிக்கைப் பார்த்தேன், குறி இடது பக்கம்தான் நிக்குது. கேலிப்ரேட் பண்ணியாச்சு. ஒரே ஒரு கேள்வி: கார்ஸ் 3-ல மதுரைல இருக்கிற மாமா பையனோட ஆன்லைன்ல ஆட முடியுமா?

நாலாவது_கியர்:
முடியாதுங்க. அதுல ஆன்லைன் ரேஸே கிடையாது. ஒரே டிவி முன்னால, திரையைப் பிரிச்சுத்தான் சேர்ந்து ஆடலாம். லீவுக்கு அவன் வரும்போது இன்னொரு கண்ட்ரோலர் தயாரா வச்சிருங்க.