மாசியில் மொட்டையாக நிற்கும் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள், உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாளை ஆச்சி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் அடுத்த தெருவில் ஒரு பூங்கா இருக்கிறது. விடிந்ததும் அங்கேதான் நடப்பேன். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்களே, அந்தப் பனி இன்னும் விடவில்லை. புல்லில் கால் வைத்தால் செருப்பு நனைந்துவிடுகிறது. வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் கொழுந்து விட ஆரம்பித்திருக்கிறது. வாசல் பக்கம் காகிதப்பூ கொட்டிக் கிடக்கிறது. உள்ளே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண முருங்கை, ஒரு இலைகூட இல்லை, உச்சி முழுக்கச் சிவப்பு. காக்காயும் மைனாவும் அதில் அடித்துக்கொள்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது.

என் கவலை வேறு மரத்தைப் பற்றி. வடமேற்கு மூலையில் ஓங்கி வளர்ந்த ஒரு மரம் நிற்கிறது. தண்டு முழுக்கக் கூம்பு கூம்பாக முள். கிளைகள் அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் போகும். இப்போது முழு மொட்டை. நடக்க வருகிறவர்களில் சிலர், "பட்டுப்போச்சு ஆச்சி, காத்தில் விழுந்தா ஆபத்து, மாநகராட்சிக்கு எழுதி வெட்டச் சொல்லிட்டோம்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கிளை நுனியில் கறுப்பாக உருண்டை உருண்டையாக ஏதோ தெரிகிறது. என் கண்ணுக்கு அது மொட்டு மாதிரிதான் இருக்கிறது. இது என்ன மரம்? உயிர் இருக்கிறதா என்று நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். காலையில் வானத்தில் மெல்லிசாக, சீப்பால் வாரிவிட்ட நரைமுடி மாதிரி மேகம் ஓடுகிறது. மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலைமேல் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் குவிகிறது. இங்கே தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. இருட்டுவதற்குள் மலைமேல் இருந்ததும் கரைந்துவிடுகிறது. இதை வைத்து மழை வருமா என்று சொல்ல முடியுமா?

செடிகொடிக்காரி:

ஆச்சி, நீங்கள் சொன்ன அடையாளத்தை எல்லாம் வைத்துப் பார்த்தால் அது முள்ளிலவு. கூம்பு முள், படுக்கைவாட்டில் கிளை, மாசியில் மொட்டை, நுனியில் கறுத்த உருண்டை மொட்டு, எல்லாம் பொருந்துகிறது. தலையணைக்குப் பஞ்சு எடுக்கும் இலவ மரம் வேறு. அதன் பூ வெளிறிய நிறத்தில் சின்னதாக இருக்கும், இரவில் மலரும், வௌவால் தேடி வரும். முள்ளிலவின் பூ உள்ளங்கை அளவு, ரத்தச் சிவப்பு, இதழ் ஐந்தும் தடித்து மெழுகு பூசினது போல இருக்கும். நடுவில் கேசரங்கள் கொத்தாக நிற்கும். இன்னும் கொஞ்ச நாளில் மரத்தடியில் முழுப் பூவாகப் பொத்தென்று விழும். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க: கைக்கு எட்டுகிற சின்னக் கிளை ஒன்றில், முள் இல்லாத இடமாகப் பார்த்து, நகத்தால் மேல்தோலை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால், அதே கிளையில் இன்னும் உள்ளே தள்ளிச் சுரண்டிப் பாருங்கள். நுனி மட்டும் பட்டுப்போவதும் உண்டு. ஒரே ஒரு குச்சியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மரத்தைச் சுற்றி வந்து நாலு பக்கமும் பாருங்கள். பட்ட குச்சி மடக்கினால் சடக்கென்று ஒடியும், உயிருள்ளது வளையும்.

இலை ஏன் உதிர்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையோடு தீர்ந்துவிடும். அப்புறம் மண்ணில் ஈரம் வற்றுகிறது. இலை இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. மொட்டைக் கிளையில் சிவப்புப் பூ இருந்தால் பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும். பூவுக்குள் தேனும் நிறைய. பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும்போது பஞ்சோடு விதை பறக்க, இலை மறைக்காத கிளை வசதி. மரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் கோடரியை எடுப்பது அநியாயம்.

வானம் பார்த்தவன்:

மேகத்துக்கு நான் சொல்கிறேன் ஆச்சி. காலையில் நீங்கள் பார்ப்பது கீற்று மேகம். அது தண்ணீர்த் துளி இல்லை, பனிக்கட்டித் துகள். 6,000 மீட்டருக்கும் மேலே இருக்கும். அந்தத் துகள் கீழே சரியும்போது காற்று இழுத்துக்கொண்டு போவதால்தான் நீங்கள் சொன்ன அந்தக் கோடுகள். அதிலிருந்து நம் தலையில் துளி விழாது.

மத்தியானத்து மேகம் மலையின் வேலை. வெயிலில் மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே ஏறுகிறது. மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும் கடல்காற்றும் ஈரத்தோடு வந்து மலையில் முட்டி ஏறும். ஏறுகிற காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். பொதிகை உச்சி 1,868 மீட்டர். அவ்வளவு உயரம் ஏறுவதற்குள் ஈரம் துளியாகத் திரண்டு மேகமாகிவிடும். பாளை சமவெளி. ஏற்றிவிட மலை இல்லை, மாசியில் அடிக்கும் வாடையும் காய்ந்தது. அதனால்தான் உங்கள் தலைக்கு மேலே வெறும் நீலம். பொழுது சாய்ந்ததும் சரிவு குளிர்ந்து காற்று இறங்கிவிடும், மேகமும் கரைந்துபோகும். தினமும் இதே மாதிரி நடந்தால் மழை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கீற்று மேகம் கலைந்துபோகாமல், வானம் முழுக்க மெல்லிய திரைபோலப் படர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். அன்று ராத்திரி நிலாவைப் பாருங்கள். "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்று பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நிலாவை ஒட்டிய சின்ன வட்டம் தண்ணீர்த் துளிகளால் வருவது. தள்ளி நிற்கும் பெரிய வட்டம் பனிக்கட்டித் துகளால் வருவது, நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளி நிற்கும். கையை நீட்டிச் சாணை விரித்தால் ஏறக்குறைய அந்த அளவு. அந்த உயர்ந்த திரை பல சமயம் மழை மேகத்துக்கு முன்னால் வருவது. மாசியில் எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடையத்து விவசாயி:

முள்ளிலவை விட்டுவிடாதீர்கள். பூக்கும்போது அந்த மரத்தடியில் நின்று பாருங்கள், சூறைக்குருவி வரும். உடம்பு ரோஸ், தலையும் சிறகும் கறுப்பு. மத்திய ஆசியாப் பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து தங்கி, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிற கூட்டம். போகிற நேரத்தில் அதற்கு இந்தத் தேன் வேண்டும். வெட்டச் சொல்கிறவர்களை அன்றைக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள்.

கல்யாண முருங்கைக்கும் ஒன்று சொல்கிறேன். 2005 வாக்கில் ஒரு குட்டிக் குளவி வந்து அதன் இலையிலும் குருத்திலும் கொப்புளம் கொப்புளமாக ஆக்கிவிட்டது. எங்கள் பக்கம் வேலியில் நின்ற மரங்கள் நிறையப் போய்விட்டன. உங்கள் பூங்காவில் நன்றாகப் பூக்கிற மரம் இருக்கிறது என்றால் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புது இலை வரும்போது கொப்புளம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பாளை ஆச்சி:

எல்லாரும் நல்லா இருக்கணும். இன்று காலையில் தோட்டக்காரத் தம்பியைக் கூட வைத்துக்கொண்டு சுரண்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் பச்சை. தெற்குப் பக்கம் ஒரு கிளையில் மட்டும் நுனி காய்ந்திருக்கிறது, அதை மட்டும் கழித்துவிடலாம் என்கிறார் தம்பி. மரத்தின் பேரையும், பூக்கிற மாதத்தையும், பட்ட நுனியை மட்டும் கழிக்க வேண்டும் என்பதையும் எழுதி மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறேன். கூட நடப்பவர்களில் ரெண்டு பேர் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்கள்.

கடையத்து அண்ணாச்சி, அந்தக் கல்யாண முருங்கையிலிருந்து ஒரு போத்து வெட்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஊன்ற ஆசை. இப்போது ஊன்றலாமா?

கடையத்து விவசாயி:

இப்போது வேண்டாம் ஆச்சி, பூவில் இருக்கிற மரத்தை வெட்டாதீர்கள், வருகிற வெயிலில் போத்தும் காய்ந்துவிடும். நாங்கள் ஆனிச் சாரலில் ஊன்றுவோம், உங்கள் பக்கம் அந்தச் சாரல் எட்டாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கட்டைவிரலைவிடத் தடித்த போத்தாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு வெட்டி, ஒருநாள் நிழலில் போட்டுவிட்டு, ஒரு முழம் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆடு கடிக்காமல் சுற்றி முள் வையுங்கள்.