கொல்லிமலை இறக்கத்தில் முன் பிரேக் செத்துப்போனது, பின் பிரேக் கத்துகிறது. உதவுங்கள்

செம்மண் சக்கரம்:
நண்பர்களே, போன சனி, ஞாயிறு எங்கள் கிளப்பில் பதினோரு பேர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) எடுத்துக்கொண்டு கொல்லிமலை போனோம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாப்பிட்டுவிட்டு, செம்மேட்டுப் பக்கம் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் தோப்புகளுக்குள் மண்பாதையில் மாலை வரை ஓட்டினோம். அதுவரை வண்டியில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு காலை இறங்கும்போதுதான் பிரச்சினை. முதல் சில வளைவிலேயே பின் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது, லீவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. சரி, முன் பிரேக் இருக்கிறதே என்று அதையே விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தேன். பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவுக்குள் நுழையும்போது முன் லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொண்டது. உள்பக்க மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பத்தடி பின்னால் முதல்முறை மலைக்கு வந்த பிளஸ் டூ பையன் வந்துகொண்டிருந்தான், அவன் எப்படி ஒதுங்கினான் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

சூட்டைத் தணிக்க ரோட்டாரில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) தண்ணீர் ஊற்றினேன், சர்ரென்று ஆவியாகப் போனது. இருபது நிமிடம் கழித்து லீவர் பாதி திரும்பியது, மீதி மலையைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

ஹைட்ராலிக் டிஸ்க் (லீவரை அழுத்தினால் குழாயில் இருக்கும் ஆயில் தள்ளிப் பிடிக்கும் பிரேக்), மினரல் ஆயில் வகை, இரண்டு பக்கமும் 160 மி.மீ. ரோட்டார். வாங்கி மூன்று வருடம், ஆயில் மாற்றியதில்லை. பையோடு நான் 90 கிலோ, வண்டி 15. பேட் (ரோட்டாரைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) மாற்றினால் போதுமா? இரண்டு வாரத்தில் ஏற்காடு போகிறோம், புது ஆட்களோடு கடைசியில் வரும் பொறுப்பு என்னுடையது.

ராசிபுரம் ரைடர்:
பேட்தான் நண்பா. ரெசின் பேட் (பிசின் கலந்து செய்தது) சூட்டில் வழுக்கும். மெட்டல் பேட் (உலோகத்தூளில் செய்தது) போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அவசரப்பட்டு மெட்டல் பேட் வாங்க வேண்டாம். முதலில் ரோட்டாரைப் பாருங்கள், 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருந்தால் அதில் மெட்டல் பேட் போடக்கூடாது, ரோட்டாரைத் தின்றுவிடும்.

இன்னொன்று, இரண்டு பிரேக்கும் ஒரே மாதிரி கெடவில்லை, கவனித்தீர்களா? லீவர் கெட்டியாக இருந்து பிடிக்காவிட்டால் கோளாறு பேடிலும் ரோட்டாரிலும். லீவரே உள்ளே போனால் ஆயிலில். சனிக்கிழமை சாயங்காலம் சேறு போக வண்டியைக் கழுவினீர்களா? செயினுக்கு என்ன போட்டீர்கள்? வண்டியைக் கவிழ்த்து வைத்தீர்களா?

செம்மண் சக்கரம்:
ஆமாம் அண்ணா, மூன்றுமே. தங்கிய இடத்தில் குழாயடியில் கவிழ்த்து வைத்துக் கழுவி, செயினுக்கு ஸ்பிரே அடித்தேன். எப்படித் தெரிந்தது?

பழைய ஸ்பேனர்:
சனிக்கிழமை நன்றாக இருந்த பின் பிரேக் ஞாயிறு காலை முதல் வளைவிலேயே கத்துகிறது என்றால் ராத்திரிக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும். ஸ்பிரே செயினோடு நிற்காது தம்பி, ஸ்போக் இடுக்கு வழியாக எதிர்ப்பக்க ரோட்டாரிலும் படியும். கண்ணுக்குத் தெரியாத படலம் போதும், பேட் உறிஞ்சிக்கொள்ளும். பின் பிரேக் போனதால் மொத்தச் சுமையும் முன் பிரேக்கில் விழுந்தது. மூன்று வருட ஆயிலில் கொஞ்சம் ஈரம் சேர்ந்திருக்கும். மினரல் ஆயிலோடு தண்ணீர் கலக்காது, தாழ்வான இடமான காலிப்பரில் (சக்கரத்துக்குப் பக்கத்தில் பேடைத் தாங்கும் பகுதி) போய்த் தங்கும், அங்கே 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது, அதனால்தான் லீவர் உள்ளே ஓடியது. ஆறியபிறகும் முழுதாகத் திரும்பாததற்குக் காரணம், கவிழ்த்தபோது லீவரை ஒட்டிய ஆயில் தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் போயிருக்கலாம்.

பின் ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பின் பேடைத் தூக்கிப் போடுங்கள், தேய்த்தும் சுட்டும் காப்பாற்றலாம் என்பார்கள், மலைக்குப் போகிற வண்டியில் அந்தப் பேட் வேண்டாம். இரண்டு பக்கமும் ஆயிலை முழுக்க மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். மினரல் ஆயில் பிரேக்கில் மறந்தும் டாட் ஆயில் (கார், பைக் பிரேக்கில் ஊற்றுவது) ஊற்றக்கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும். சூடான ரோட்டாரில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், கோணிவிடும், சுற்றிவிட்டுப் பாருங்கள்.

ஈரோடு மிதிவண்டி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பிடிக்கிற முறையையும் மாற்ற வேண்டும் தம்பி. வண்டியும் ஆளுமாக 105 கிலோ, 900 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம். மெதுவாகப் பிடித்துக்கொண்டே வந்தால் எதிர்க்காற்று அதில் அதிகம் வாங்கிக்கொள்ளாது, கிட்டத்தட்ட எல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். நேர்ப்பாதையில் பிரேக்கை விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவு முடிந்ததும் விரலை எடுங்கள். பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) இடம் கொடுத்தால் முன்பக்கம் 180 ரோட்டார் போடலாம்.

செம்மண் சக்கரம்:
முடித்துவிட்டு எழுதுகிறேன். முன் காலிப்பரிலிருந்து வந்த ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு, பாட்டிலில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு சின்ன நீர்த்துளி தனியாக உருண்டது. அண்ணா சொன்ன அதே தண்ணீர். என் ரோட்டாரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்றுதான் இருக்கிறது, அதனால் ரெசினே போட்டேன், முன்பக்கம் 180-க்கு மாற்றியாயிற்று. புது பேட் ரோட்டாரோடு படிய காலி ரோட்டில் இருபது தடவை வேகமெடுத்து, முழுதாக நிறுத்தாமல் நடை வேகத்துக்குக் குறைத்தேன். கத்தல் இல்லை, லீவர் இரண்டும் கல் மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு என் ஸ்பிரேயை வாங்கி அதே குழாயடியில் இன்னும் மூன்று பேர் அடித்தார்கள், அதில் அந்தப் பிளஸ் டூ பையனும் ஒருவன். நேற்று போய் அவன் வண்டியின் பின் ரோட்டாரைத் துடைத்தேன், துணி கறுப்பாக வழவழவென்று வந்தது. புது பேட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டு பேரையும் வியாழக்கிழமை வண்டியோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏற்காட்டில் 20 வளைவுதான், இருந்தாலும் நாலு வண்டியையும் பார்க்காமல் மலை ஏற்ற மாட்டேன்.