லேப்வியூ (வயர் இணைத்துப் படமாகப் புரோகிராம் எழுதும் மென்பொருள்): அரே (மதிப்புகளின் வரிசை) முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்க வைப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த்_வயர்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. 6 வெப்பநிலை சென்சார், சேனல் பெயர்கள் ஸ்ட்ரிங் அரேயில் இருக்கின்றன. வைல் லூப் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது, சுற்றுக்கு ஒரு சேனல். லூப்பின் ஐ டெர்மினலை (0-விலிருந்து சுற்றுகளை எண்ணுவது) இன்டெக்ஸ் அரேக்கு (அரேயில் அந்த எண்ணில் உள்ளதை எடுத்துத் தருவது) கொடுத்தால் 6 சுற்றுக்குப் பிறகு வெறும் ஸ்ட்ரிங்தான் வருகிறது, எர்ரரும் இல்லை. கேஸ் ஸ்ட்ரக்சர் (மதிப்பைப் பொறுத்து வழி பிரிப்பது) வைத்து 6-ஐ 0 ஆக்கலாமா? 'முந்தைய சேனல்' பட்டனும் வேண்டும்.

மாரிட்ஸ்பர்க்_லூப்:
கேஸ் எதற்கு தம்பி? நியூமெரிக் பேலட்டில் கோஷன்ட் அண்ட் ரிமைண்டர் (ஈவும் மீதியும் தரும் ஃபங்ஷன்) இருக்கிறது. ஐ-யை அரே சைஸால் வகுத்து, மீதியை இன்டெக்ஸுக்குக் கொடுங்கள்: 0 முதல் 5, மறுபடி 0. தவறி ஈவை வயர் செய்தால் ஒரே சேனல் ஆறு சுற்றுக்கு நிற்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 6 என்று கான்ஸ்டன்ட் போடாதீர்கள். நாளைக்கு ஏழாவது சென்சார் வந்தால் அதை யாரும் படிக்கமாட்டார்கள். எர்ரர் வராததற்குக் காரணம், இன்டெக்ஸ் அரேயில் எர்ரர் டெர்மினலே கிடையாது. எல்லை தாண்டினால் அந்த டேட்டா டைப்பின் டிஃபால்ட் மதிப்பைத் தந்துவிடும்.

பீனிக்ஸ்_பிட்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் நாள்கணக்கில் ஓடும் புரோகிராமில் ஐ-யை நம்பக்கூடாது. அது 32 பிட் குறியுள்ள எண். 2,147,483,647-க்கு வந்ததும் திரும்பாது, அங்கேயே நின்றுவிடும். 10 மில்லிசெகண்ட் லூப்பில் அதற்குச் சுமார் 248 நாள். அந்த எண்ணை 6-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அதற்குப் பிறகு இரண்டாவது சேனல் மட்டும்தான் வரும். (லோட் ஷெட்டிங் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எந்தக் கணினி அத்தனை நாள் ஓடியது! இன்வெர்ட்டர் உள்ள கிடங்கில் நடக்கும்.)

இன்டெக்ஸையே ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோவது) வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்டி, அரே சைஸால் வகுத்த மீதியைத் திருப்பி அனுப்புங்கள். எண் 5-ஐத் தாண்டவே தாண்டாது.

பின்னோக்கிப் போக 1-ஐக் கழிக்காமல் 'அரே சைஸ் கழித்தல் 1'-ஐக் கூட்டுங்கள். ஐ32-வில் (குறியுள்ள 32 பிட் எண்) கழித்தாலும் லேப்வியூ −1-க்கு மீதி 5 என்றே சரியாகத் தரும். சி மொழியில் −1 வரும். யூ32 (குறியில்லாத 32 பிட் எண்) வயரில்தான் வினை: 0-விலிருந்து 1 போனால் 4,294,967,295, அதன் மீதி 3. ஆறாவது சேனலுக்குப் பதில் நான்காவது வரும்.

சாட்ஸ்வொர்த்_வயர்:
ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு இடப்பக்கம் 0 வயர் செய்யணுமா?

பீனிக்ஸ்_பிட்:
கட்டாயம். இல்லாவிட்டால் விஐ (லேப்வியூ புரோகிராம்) மெமரியில் இருக்கும்வரை, அடுத்த ரன் போன ரன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.