3, 4, 5 மூணு கிளாஸுக்கும் சேர்த்து அறிவியல், ஐடியா வேணும்

வணக்கம் டீச்சர்ஸ், எங்களுது ஈராசிரியர் பள்ளி, 3, 4, 5 மூணு கிளாஸும் ஒரே ரூம்ல என்கிட்ட தான். தமிழ், கணக்குக்கு பசங்களோட கற்றல் நிலைய வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு மூணு குழுவா பிரிச்சு ஓட்டிடலாம், அறிவியல் தான் இழுக்குது. மிதக்குறது மூழ்குறது எடுத்தேன், டம்ளர் தண்ணில பச்சை முட்டைய போட்டா அடில உக்காந்துடுச்சு, உப்ப அள்ளி போட்டு மெதுவா கலக்கினதும் மேல வந்துச்சு பாருங்க, மொத்த ரூமும் எழுந்து நின்னுடுச்சு! மூணாவதுக்கு எது மிதக்குது எது மூழ்குதுன்னு பிரிச்சு படம் வரைய சொன்னா போதும், ஆனா அஞ்சாவது பசங்க உப்பு ஏன் தூக்குது, சர்க்கரை போட்டாலும் வருமான்னு கேக்குறாங்க, அடர்த்தி பத்தி இப்பவே சொல்லலாமா, இல்ல ஒரே அளவு உப்புத்தண்ணியும் சாதா தண்ணியும் எடை போட்டு காட்டினா போதுமா? நாலாவதுக்கு என்ன வேலை கொடுக்கறது? ஒரே சோதனைய கேள்விய மட்டும் மாத்தி மூணு கிளாஸுக்கும் நடத்துறவங்க உங்க பாடக்குறிப்ப போட்டோ எடுத்து போடுங்க ப்ளீஸ், அடுத்து காந்தம் எடுக்கணும்.