சிறுநீர்ப்பைத் தசை தடித்த பின்னும் வலுவிழப்பது ஏன்?

கேள்வி (உடலியங்கியல் மாணவி):
புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் வெளியேறும் வழி குறுகும்போது, அத்தடையை எதிர்த்து உழைக்கும் சிறுநீர்ப்பைத் தசை தடிக்கிறது. நாளடைவில் அதே தசை, இரத்த ஓட்டக் குறைவால் சுருங்கும் ஆற்றலை இழக்கிறது என்று படித்தேன். தசை வளரும்போது இரத்தக் குழாய்களும் உடன் வளராதா?

மறுமொழி (சிறுநீரியல் மருத்துவர்):
தொடக்கத்தில் வளரும். ஆக்சிஜன் குறைந்த செல்கள் புதிய குழாய்களைத் தூண்டும் புரதங்களைச் சுரப்பதால், சிறிது காலம் தசைக்கு வேண்டிய இரத்தம் ஏறக்குறைய கிடைத்துவிடும். சிக்கல் குழாய்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அழுத்தத்திலும் இருக்கிறது. தடையில்லாத ஆண் சிறுநீர் கழிக்கும்போது தசை உண்டாக்கும் அழுத்தம் பொதுவாக 40 முதல் 60 செ.மீ. நீரழுத்தம் வரை இருக்கும். தடை உள்ளவரிடம் அது 100-ஐயும் தாண்டக்கூடும். சுவருக்குள்ளேயே ஓடும் நுண்குழாய்கள் அவ்வளவு அழுத்தத்தில் நசுங்கிவிடுகின்றன. சுருக்கமும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நீடிக்கிறது.

மறுமொழி (உயிர்வேதியியல் ஆய்வாளர்):
மேலே கூறியது சரியே. ஆனால் இரத்தம் நிற்பதைப் போலவே அது திரும்பி வருவதும் கேடு செய்கிறது. சுருக்கம் தளர்ந்ததும் பாயும் ஆக்சிஜனிலிருந்து தனியுறுப்புகள் (free radicals, எளிதில் வினைபுரிந்து செல்களைச் சிதைக்கும் மூலக்கூறுகள்) உருவாகி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும், தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து விடுவிக்கும் சவ்வுகளையும், எல்லாவற்றுக்கும் முன்பாகப் பெரும்பாலும் நரம்பிழைகளையும் சிதைக்கின்றன. ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் இது நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இழந்த தசையின் இடத்தைச் சுருங்கும் ஆற்றலற்ற கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நிரப்புவதால் சுவர் விறைக்கிறது. இவற்றில் பெரும்பகுதி முயல், பன்றி ஆகியவற்றில் சிறுநீர்வழியைப் பகுதியளவு அடைத்துச் செய்த சோதனைகளில் அறியப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் சிறுநீர் கழிக்காத இடைவேளையிலாவது தசைக்கு ஓய்வு கிடைக்குமல்லவா?

மறுமொழி (சிறுநீரியல் மருத்துவர்):
முழுமையாக வெளியேறினால் கிடைக்கும். மீதச் சிறுநீர் தங்கினால் சுவர் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். விறைத்த சுவரில் சிறிதளவு நிரம்பினாலே அழுத்தம் ஏறி, நிரம்பும் கட்டத்திலும் இரத்த ஓட்டம் குறைகிறது. ஆல்பா தடுப்பு மருந்துகள் வெளிவழியைத் தளர்த்துவதோடு சிறுநீர்ப்பையின் இரத்த ஓட்டத்தையும் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், கொலாஜன் படிந்த பிறகு தடையை அறுவை சிகிச்சையால் நீக்கினாலும் சிலருக்குத் தசையின் வலு மீள்வதில்லை. ஆகவே மீதச் சிறுநீர் கூடிக்கொண்டே போகும் நோயாளியிடம் காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்ல நான் தயங்குவேன்.