குடும்பச் சந்தாவை ஒரே வீட்டுக்குள் பங்கு போடுவது: மலேசியா, ஜொகூர் ரெங்கம் பக்கத்து அனுபவப் பகிர்வு

தாமான் வீட்டுக்காரி

பாட்டு, படம், யூடியூப், போட்டோ சேமிப்பு என்று ஆளுக்கொரு சந்தா ஓடுவது இப்போது லயத்து வீடுகளிலும் சாதாரணம். தாத்தா பாட்டியோடு ஐந்தாறு பேர் ஒரே கூரையில் இருப்பது நம் பக்கத்து வழக்கம். குடும்பத் திட்டங்கள் பலவும் ஆறு பேர் கணக்குத்தான். அப்படியும் காசு எங்கே ஒழுகுகிறது? பார்த்ததை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று சொன்னால் போதும்.

முதலில் கணக்கு. திட்டம் 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது, 2024 மார்ச் 1 முதல் அது 8 ஆனது. ஆக 43 வெள்ளி 20 சென். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 7.20, நாலு பேர் என்றால் 10.80. சில விலையில் வரி உள்ளேயே இருக்கும், சிலதில் பில் போடும்போது ஏறும். முதல் மாத பில் வந்த பிறகு பங்கைச் சொல்லுங்கள், விளம்பர விலையை வைத்துச் சொன்னால் ஒவ்வொரு மாதமும் கார்டுக்காரர் கையைக் கடிக்கும்.

போன் ரிப்பேர்

கூகுள் குடும்பக் குழுவில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குழுவில் நிர்வாகி ஒருவர், அவரோடு ஐந்து பேர் வரை. யூடியூப் குடும்பத் திட்டத்துக்கும் கூகுள் ஒன் சேமிப்புக்கும் இதே ஒரு குழுதான். வழக்கமாக வீட்டில் போன் நன்றாகத் தெரிந்த கடைசிப் பையன் தன் கணக்கில் தொடங்கிவிடுவான். அவனுக்குக் கல்யாணமாகி வேறு வீடு போகும்போது சிக்கல். நிர்வாகியை மாற்ற வேண்டுமானால் குழுவைக் கலைத்து இன்னொருவர் புதிதாகத் தொடங்க வேண்டும். குழுவை விட்டு வந்தவர் வேறு குழுவில் சேருவதும் 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். ஆகவே நிர்வாகியாக வீட்டை விட்டு நகராத ஆளைப் போடுங்கள், அம்மாவோ அப்பாவோ. அமைத்துக் கொடுக்கிற வேலையைப் பையன் செய்யட்டும், கணக்கு பெரியவர் பெயரில் இருக்கட்டும்.

அடுத்தது, பெரியவர்கள் போனில் இருக்கும் ஜிமெயில். பாதிக்கு மேல் போன் வாங்கிய கடையில் அவசரமாகத் திறந்து கொடுத்தது. பாஸ்வர்ட் யாருக்கும் தெரியாது, மீட்பு எண்ணும் எப்போதோ வெட்டுப்பட்ட பிரீபெய்டு எண். அழைப்பு அனுப்பும் முன் ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸ் போய், கூகுள் பகுதியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். மீட்பு எண்ணை இப்போது கையில் இருக்கும் எண்ணுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு அழைப்பு.

"சேர்ந்துட்டேன், இன்னும் விளம்பரம் வருது" என்று போனை நீட்டினால் காரணம் அநேகமாக ஒன்றுதான். போனில் இரண்டு கணக்கு இருக்கும். அழைப்பை ஏற்றது ஒன்றில், யூடியூப் திறந்திருப்பது மற்றதில். யூடியூபில் சுயவிவரப் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றினால் முடிந்தது. டிவியிலும் இதையே பார்க்க வேண்டும்.

ஐபோன்காரர்களுக்கு இரண்டு விஷயம். ஆப்பிள் வழியாக யூடியூப் சந்தா எடுத்தால் விலை கூடுதல், பிரவுசரில் போய் எடுங்கள். ஆப்பிள் குடும்பப் பகிர்வில் 'பர்சேஸ் ஷேரிங்' திறந்திருந்தால் பிள்ளைகள் விளையாட்டில் வாங்கும் வைரம், காசு எல்லாம் ஏற்பாட்டாளர் கார்டில் விழும். சேமிப்பிடத்தைப் பகிர அது தேவையில்லை, மூடிவிடுங்கள். பழைய தனிச் சந்தா தானாக நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஆப்பிள் வழியாகவோ போன் பில் வழியாகவோ எடுத்திருந்தால் எடுத்த இடத்திலேயே போய் நிறுத்த வேண்டும்.

டிஷ் மாட்டுபவர்

நெட்ஃபிலிக்ஸ். 2023 மே மாதம் மலேசியாவிலும் வெளிவீட்டுப் பகிர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. வேறு வீட்டில் இருப்பவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்க அப்போது அறிவித்த கட்டணம் மாதம் 13 வெள்ளி. ஸ்டாண்டர்டில் ஒருவர், பிரீமியத்தில் இரண்டு பேர் வரை. மலிவான திட்டங்களில் இந்த வசதி இல்லை. சேர்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பார்க்கலாம்.

தோட்டத்து வீடுகளில் கோளாறு வேறு மாதிரி. நெட்ஃபிலிக்ஸ் வீட்டை அடையாளம் காண்பது டிவியையும் அது இணைந்திருக்கும் இணையத்தையும் வைத்து. ஃபைபர் வராத லயத்தில் டிவிக்கு இன்று அண்ணன் போன் ஹாட்ஸ்பாட், நாளை தங்கச்சி போன் ஹாட்ஸ்பாட். இணைய முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ஒரே வீட்டில் உட்கார்ந்தவர்களையே 'இது உங்கள் வீட்டு டிவி இல்லை' என்று நிறுத்திவிடும். சிம் போடும் ரவுட்டர் ஒன்றைச் சன்னல் ஓரம் நிரந்தரமாக வைத்து, டிவி, போன் எல்லாவற்றையும் அதிலேயே இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள், சிக்னல் அடிபடும்.

அப்படியும் நின்றால் டிவியில் 'கெட் ஹெல்ப்' போய் 'மேனேஜ் நெட்ஃபிலிக்ஸ் ஹவுஸ்ஹோல்ட்'. கணக்கின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ ஒரு இணைப்பு வரும், 15 நிமிடம்தான் உயிர். அந்த மின்னஞ்சல் இரவு வேலையில் இருப்பவர் கையில் மட்டும் இருந்தால் வீட்டில் படம் நின்ற மாதிரிதான். வீட்டில் இருப்பவர் திறக்கக்கூடிய மின்னஞ்சலைக் கணக்குக்குப் போடுங்கள்.

திரை எண்ணிக்கையையும் பாருங்கள். ஸ்டாண்டர்டில் ஒரே நேரத்தில் 2, பிரீமியத்தில் 4. மாலையில் பாட்டி டிவி, பிள்ளைகள் இருவர் போன் என்றால் ஸ்டாண்டர்ட் முட்டும். அதற்காக உடனே பிரீமியத்துக்கு ஏற வேண்டாம், பிள்ளைகள் போனில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் இணையத்தை அணைத்துவிட்டே பார்க்கலாம்.

தோட்டத்து வீடு

அண்ணே, மகன் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்குகிறான், சனிக்கிழமை வருவான். அவனைச் சேர்க்கலாமா?

டிஷ் மாட்டுபவர்

கூடுதல் உறுப்பினராக முடியாதுங்க, கணக்கு எந்த நாட்டிலோ அந்த நாட்டில் இருப்பவர்தான் சேரலாம். வீட்டு ஆளாகப் பார்க்கட்டும். வாரம் வரும்போது வீட்டு வைஃபையில் ஒரு முறை செயலியைத் திறந்து, வேண்டியதைப் பதிவிறக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

போன் ரிப்பேர்

யூடியூபுக்கும் ஒரே வீடுதான் விதி. 30 நாளுக்கு ஒரு முறை தானாகச் சோதனை நடக்கும். அங்கேயே குடியிருப்பவர் என்றால் ஒரு இடத்தை அவருக்காக வைத்திருப்பது வீண். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வருபவர் கதை வேறு, அவர் குடியிருப்பது இங்கேதான்.

ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டமும் ஆறு பேர், ஒரே முகவரி. அங்கே சறுக்குவது முகவரி எழுதும் விதத்தில். நிர்வாகி தோட்டத்தின் பெயரைப் போட்டிருப்பார், மருமகள் தபால் பெட்டி எண்ணைப் போடுவார், பொருந்தாது. நிர்வாகி போட்டதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி எழுத்துக்கு எழுத்து அதையே போடச் சொல்லுங்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு டூயோ திட்டம் போதும்.

பள்ளிக்கூடப் பக்கம்

பிள்ளை படிப்புக்கென்று மைக்ரோசாஃப்ட் சந்தா எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம். கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் கணக்கு அரசுப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் உண்டு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான். கூகுள், மைக்ரோசாஃப்ட் கருவிகள் அதிலேயே கிடைக்கும். பாஸ்வர்ட் மறந்திருந்தால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். கல்லூரி, வேலை, சிறு கணக்கு வழக்கு என்று வீட்டில் பலருக்குத் தேவை என்றால்தான் குடும்பத் திட்டம்: ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டெராபைட் சேமிப்பிடம்.

கூகுள் ஒன்னைப் பகிர்ந்தால் ஒருவர் போட்டோவை மற்றவர் பார்க்க முடியுமா என்று பெண் பிள்ளைகள் தயங்குவார்கள். முடியாது. இடம்தான் பொது. ஆனால் சந்தா நின்றால் இலவச 15 ஜிபிக்கு மேல் வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் வருவதும் போவதும் நின்றுவிடும். வேலைக்கு மனுப் போட்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை.

தாமான் வீட்டுக்காரி

இரட்டைப் பில்லைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆஸ்ட்ரோ டிவி, யூனிஃபை இணையப் பேக்குகள் சிலவற்றில் நெட்ஃபிலிக்ஸ் உள்ளேயே வருகிறது. பேக் எடுத்தவுடன் வரும் இணைப்பில் பழைய நெட்ஃபிலிக்ஸ் மின்னஞ்சலையே போட்டு உள்ளே போக வேண்டும். வேறு மின்னஞ்சல் போட்டால் புதுக் கணக்கு பிறந்துவிடும், பழையது கார்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பேக் எடுத்த அடுத்த மாதம் வங்கிக் கணக்கை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்.

கணக்கெழுதுபவர்

தேதி முக்கியம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், தோட்டத்திலும் பெரும்பாலும் அந்த நாளை ஒட்டித்தான் வரும். சந்தாவை 10ஆம் தேதி வாக்கில் தொடங்கினால் மாதா மாதம் அதே தேதியில் வெட்டும். 2ஆம் தேதி தொடங்கியவர்களுக்கு டெபிட் கார்டில் காசு இல்லாமல் அறுவர் சந்தாவும் சேர்ந்து நிற்கும்.

வசூலுக்கு டூயிட்நவ் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) போதும், தனிநபர் அனுப்பும் 5,000 வெள்ளி வரை கட்டணமில்லை. மாதம் 7.20க்குத் துரத்துவது அசிங்கம், மூன்று மாதத்துக்குச் சேர்த்து 21.60 என்று கேளுங்கள். இது 'கூட்டு' (சீட்டு) ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆளாளுக்கு முறைவைத்து மொத்தத் தொகை எடுக்கும் கூட்டை. பில்லைப் பங்கு போடுவதில் எடுக்க ஒன்றுமில்லை.

போன் லைனைக் குடும்பத் திட்டமாக எடுப்பதில் மட்டும் யோசியுங்கள். துணை லைன்கள் முதன்மை லைன்காரர் பெயரில்தான் நிற்கும். அவர் கட்டாவிட்டால் எல்லாம் வெட்டு, நிலுவையும் அவர் தலையில். இணைய ஒப்பந்தம் பொதுவாக 24 மாதம். தோட்ட வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறப் போகிறவர் பெயரில் அதைப் போடாதீர்கள்.

தோட்டத்து வீடு

டெலிகிராமில் குடும்பத் திட்டத்தில் ஒரு இடம் 5 வெள்ளிக்கு விற்கிறார்களே, அக்கா?

தாமான் வீட்டுக்காரி

வேண்டாம் தம்பி. முன்பின் தெரியாத குழுவில் உன் பெயர், படம், மின்னஞ்சல் மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். ஒரு மாதத்தில் கழற்றிவிட்டால் கூகுள் குழுவின் அந்த 12 மாதக் கணக்கு உன் பக்கம்தான் இடிக்கும், பிறகு சொந்த அம்மா குழுவில் சேரவே சிரமம். ஓடிபி கேட்டால் கொடுக்கவே கூடாது. கொடுத்துக் காசு போயிருந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண் 997க்கு அடி, வங்கிக்கும் அடி.