பொட்டியில 5ஜின்னு போட்டிருந்தா மட்டும் போதாதுங்க

திருப்பூர், அடுத்த மாசம் டல்லாஸ்:
அண்ணா, போன வருசம் காந்திபுரத்துல வாங்குன 5ஜி போன் நல்லாத்தான் ஓடுதுங்க. அதையே எடுத்துட்டு வந்தா ஆகுங்களா, இல்ல அங்க வந்து வேற வாங்கோணுங்களா?

பெருந்துறை, இப்போ டல்லாஸ்:
மாடல் நம்பர் தெரியாம சொல்ல முடியாதுங்க தம்பி. செட்டிங்ஸ்ல 'அபவுட் போன்' போயி அதக் குறிச்சுக்குங்க. விக்கிற பேரு இல்ல, எழுத்தும் எண்ணும் கலந்து வர்ற நம்பர். ஒரே பேருல இந்தியாவுக்கு ஒண்ணு, அமெரிக்காவுக்கு ஒண்ணுன்னு விக்கறாங்க. உள்ள இருக்கற பேண்டு, அதாவது போன் சிக்னல் பிடிக்கற அலைவரிசை, வேற வேற. அந்த நம்பரோட பேண்டு பட்டியல போன் கம்பெனி சைட்டுலயே பாருங்க.

நம்மூர்ல 4ஜிக்கு பி1, பி3, பி5, பி8, பி40, பி41 இருந்தா வேலை முடிஞ்சுது. விலை குறைஞ்ச போன்ல அதோட நிறுத்திருவாங்க. இங்க சிம் குடுக்கற பெரிய கம்பெனி மூணு. அதுல டி-மொபைலுக்கு பி2, பி4, பி66, பி12, பி71 வேணும். ஏடி அண்ட் டி-க்கு பி2, பி4, பி66, பி12, பி14. வெரைசனுக்கு பி2, பி4, பி66, பி13. இதுக போக பி5-உம் இங்க ஓடுது. நம்ம பட்டியலோட முக்கியமா ஒத்துப்போறது அதுதான், ஆனா அத மட்டும் நம்பி வர வேண்டாம். பி12, பி13 எல்லாம் 700 மெகாஹெர்ட்ஸ், பி71 600. செவுத்தத் தாண்டி வீட்டுக்குள்ள வர்றது இந்தத் தாழ்ந்த பேண்டுகதான். அது இல்லைன்னா ரோட்டுல சிக்னல் காட்டும், அபார்ட்மெண்டுக்குள்ள நுழைஞ்சதும் 'நோ சர்வீஸ்'.

5ஜிலயும் ஒரு சூது இருக்குதுங்க. நம்மூர் 5ஜி பெரும்பாலும் என்78; அது 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். வெரைசனும் ஏடி அண்ட் டி-யும் ஓட்டறது பெரும்பாலும் 3700-க்கு மேல, என்77-ங்கற பேருல. என்78 மட்டும் உள்ள போன் அதைப் பிடிக்காது. டி-மொபைலுக்கு என்41, என்71 இருக்குதான்னு பாருங்க.

பேண்டு எல்லாம் சேந்துட்டாலும் கால் போகாம போகலாம். இங்க 3ஜிய 2022லயே மூடிட்டாங்க: ஏடி அண்ட் டி பிப்ரவரில, டி-மொபைல் ஜூலைல, வெரைசன் டிசம்பர்ல. இனி பேசறதும் 4ஜி வழியா, அதாவது வோல்ட்டில தான். "ஜியோவுல பேசறனே, வோல்ட்டி இருக்குது"ம்பாங்க. அது ஜியோவுக்கு மட்டும் சான்று. ஒவ்வொரு சிம் கம்பெனிக்கும் தனி செட்டிங் போனோட சாப்ட்வேர்ல இருக்கோணும். நம்மூர் மாடல்ல இந்த ஊர்க் கம்பெனிக்கானது பல சமயம் இருக்காது. வைஃபை காலிங்கும் அதே கதைதான். ஏடி அண்ட் டி அனுமதிச்ச போன் பட்டியலே வெச்சிருக்குது, அதுல இல்லாத போன ஏத்துக்காது.

கிளம்பறதுக்கு முன்ன *#06# அடிச்சு ஐஎம்இஐ-ங்கற போனோட அடையாள நம்பர எடுத்து, சேரப்போற கம்பெனியோட சைட்டுல போட்டுப் பாருங்க. வந்து சிம் போட்டதும் ஒரு கால் போட்டு, பேசிட்டு இருக்கறப்பவே மேல இருக்கற குறியப் பாருங்க. 4ஜியோ 5ஜியோ அப்படியே நின்னா வோல்ட்டி ஓடுது. அது மறைஞ்சு கால் கட்டாச்சுன்னா ஓடல. வாட்ஸ்அப் கால் ஓடுதேன்னு விட்டுராதீங்க, இங்கத்த அவசர நம்பர் 911-க்கு வாட்ஸ்அப்ல கூப்பிட முடியாது.

பொள்ளாச்சி, இப்போ மெல்போர்ன்:
ஆஸ்திரேலியா வர்றவங்களுக்கு இது இன்னும் கறார். இங்கத்த சிம் கம்பெனிக டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ரெண்டும் 2024 அக்டோபர் 28ல 3ஜிய நிறுத்த ஆரம்பிச்சாங்க. 000 அவசர அழைப்பு 4ஜில போகாத போன கம்பெனியே முடக்கோணும்ங்கறது விதி. சாதாரண கால் 4ஜில போயி, அவசர காலுக்கு மட்டும் 3ஜியத் தேடற போனும் இதுல மாட்டும். டெல்ஸ்ட்ராவுக்கு பி28 முக்கியம். பட்டியல்ல என்28 இருக்குதுன்னு ஏமாந்துராதீங்க, அது 5ஜி. 4ஜிக்கான பி28 தனியா எழுதியிருக்கோணும்.

கோபி, இப்போ லெஸ்டர்:
இங்கிலாந்துக்கு பி20, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ் இருக்குதான்னு பாருங்க. நம்மூர் பட்ஜெட் போன்ல அது விட்டுப்போறது உண்டு. சிங்கப்பூர், மலேசியாவுக்கு பேண்டுத் தொல்லை கம்மி, ஆனா அங்கயும் 3ஜி போயிருச்சு, வோல்ட்டி வேணும்.

திருப்பூர், அடுத்த மாசம் டல்லாஸ்:
பாத்தேனுங்க அண்ணா. பி12, பி66, பி71 ஒண்ணுமே இல்லீங்க. பழைய போன தங்கச்சிகிட்ட குடுத்துட்டு வரட்டுங்களா?

பெருந்துறை, இப்போ டல்லாஸ்:
போன வேணாக் குடுங்க தம்பி, சிம்ம மட்டும் குடுக்காதீங்க. பேங்க் ஓடிபி-க்கு நம்மூர் சிம் வேணும். ஊர்லயே இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுட்டு, ரீசார்ஜ் காலாவதியாகாம பாத்துக்குங்க. இங்க வாங்கறப்ப 'அன்லாக்டு' போனாக் கேளுங்க. கம்பெனி லாக் போட்ட போன்ல நம்ம சிம் எடுக்காது. ஐபோன் வாங்கற எண்ணம் இருந்தா ஒண்ணு: அமெரிக்கால விக்கிற ஐபோன் 14ல இருந்து சிம் போடற தட்டே கிடையாது. நம்மூர் சிம்ம இசிம்மா, அதாவது கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்தற சிம்மா, மாத்தறதப் பத்தி கிளம்பறதுக்கு முன்னயே கம்பெனிகிட்ட கேட்டு வெச்சுக்குங்க.